நாரைகளுக்கு முந்திய கொடை

மே முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. காலை 7.20க்குத் திருநெல்வேலியில் சீவலப்பேரி டவுன் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். இறங்கி ஆற்றங்கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தால் என் அப்பா பிறந்த ஊர். பெயரை எழுத மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஊர் நடுவில் அம்மன் கோயில், பக்கத்தில் பெரிய மருத மரம். தை மாதம் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து அதில் கூடு கட்டும். குஞ்சுகள் பறந்து போன பிறகு, ஆடியில்தான் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. அதுவரை ஊரில் ஓலைப் பட்டாசுகூட வெடிக்க மாட்டார்கள். இந்த வருடம் கொடையைச் சித்திரைக்கு மாற்றினோம். சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்களுக்குப் பள்ளி விடுமுறை வேண்டுமாம். போனில் கேட்டபோது நானும் சரி என்றேன். நாரை என் நினைவிலேயே இல்லை.

8.45. மரத்தடி முழுக்கச் செத்த குஞ்சுகள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், வயல் வேலைக்குப் போகிறவள், உயிரோடு கிடந்த இரண்டை ஓலைப்பெட்டியில் வைத்து ஈரச் சாக்கால் மூடியிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் வேட்டுப் போட்டாவ அண்ணாச்சி. அம்புட்டுக் குஞ்சும் பயந்து கீழ சாடிட்டு. பறந்து போன தாய் ஒண்ணுகூடத் திரும்பல. இதுவள கூட்டுல வச்சா வந்துரும்லா?"

கொடையை நடத்துவது என் சித்தப்பா மகன் முருகன். வேட்டுப் போடுவதை நிறுத்தச் சொன்னேன்.

"மே மாசம் வசதின்னு நீயும்தானண்ணே சொன்ன? இப்பம் வந்து அம்மனைச் சத்தமில்லாம கும்புடச் சொல்லுத."

மரத்தடிக்கே திரும்பினேன்.

10.30. தென்னை ஏறும் சுடலையைக் கூட்டி வந்தேன். "கறிச்சோறு திங்க வந்தவன நாரைக்குப் பேறுகாலம் பாக்கச் சொல்லுதியளே" என்று சிரித்தான். ஒரு குஞ்சைத் துண்டில் கட்டிக்கொண்டு ஏறினான். மேலே கூடு கூடாக எட்டிப் பார்த்தான். பைய இறங்கினான். துண்டில் இருந்த அதே குஞ்சைப் பேச்சியம்மாளிடம் நீட்டினான்.

"வேண்டாம் மயினி. கூட்டுல கெடக்கதெல்லாம் வெயில்ல காஞ்சு போச்சு. தாய் றெக்கைய விரிச்சு நிழல் குடுக்கணும். இதக் கொண்டு அங்கன வைக்க மனசு வரல."

பேச்சியம்மாள் அதை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். சாக்கை மறுபடி நனைத்தாள். கெண்டை மீனை நசுக்கி அலகில் வைத்தாள். ஒன்று தலையை உதறித் துப்பியது. மற்றது வாயே திறக்கவில்லை. நண்பகலுக்கு முன் செத்துவிட்டது.

1.30. சாப்பிடாமல் கிளம்பினேன். மிஞ்சிய குஞ்சுக்குப் பக்கத்தில் அவள் தன் குடையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சீவலப்பேரி ஆற்றுப் பாலத்தருகே பஸ்ஸுக்கு நின்றேன். கீழே மணல் திட்டில் மஞ்சள் மூக்கு நாரைகள், ஐம்பதுக்குக் குறையாது. பக்கத்தில் நின்ற தூத்துக்குடிக்காரர் போனில் படம் எடுத்தார். "எப்படி வரிசையா நிக்கு பாத்தீரா? குடுத்து வச்ச ஊரு வே."

மதியக் கொடை வேட்டு அங்கும் கேட்டது. ஒவ்வொரு வேட்டுக்கும் நாரைகள் ஊர்ப் பக்கம் கழுத்தைத் திருப்பின. ஒன்றுகூடப் பறக்கவில்லை.