குழாயின் நீளம்

மொன்றியலை அடுத்த லொங்குய்யில் நான் வேலை செய்யும் பட்டறையில், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களைக் கப்பல் கொள்கலன்களுக்குள் பொருத்தி அனுப்புகிறோம். வறண்ட ஊரில் இறக்கிக் குழாய்களையும் மின்சாரத்தையும் இணைத்தால் போதும். ஒன்று போதாவிட்டால் பக்கத்தில் இன்னொன்றை வைக்கலாம். மொன்றியலில் கடல் இல்லாததால், சோதனைக்குத் தொட்டி நீரில் உப்பு மூட்டைகளைக் கொட்டிக் கரைப்போம். மறுபக்கம் வரும் நல்ல நீரைக் குடித்துப் பார்ப்பது என் வேலையில்லை; என்றாலும் நான்தான் முதலில் குடிப்பேன்.

ஒரு பனிக்காலத்தில், ஒரு கொள்கலனைக் கேட்டு வந்த கடிதத்தில் நான் பிறந்து வளர்ந்த கரையோரத்தின் பெயரைக் கண்டேன். அங்கே இரண்டு பருவமாக மழை இல்லை. கிணறுகள் உவர்த்துவிட்டன. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காகச் சனம் குடங்களோடு நின்றது. என் தம்பி அங்கேதான் ஆழமில்லாத கடலில் நண்டு வலை போட்டான். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன்பே அவனை அழைத்துச் சொன்னேன். மகிழ்ந்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, எடுக்கிற உப்பை எங்க விடுவினம்?"

பட்டறையின் பொறியாளரிடம் கேட்டேன். சென்னைக்காரர், எதையும் மறைக்காதவர். மிச்சத் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மடங்கு உப்போடு வரும், அதை ஆழமான கடலில் கொண்டுபோய் விட வேண்டும் என்றார். "குழாய் போடறது அங்க இருக்கிறவங்க பொறுப்பு. நீளமா போட்டா ஒண்ணும் ஆகாது."

நான் தம்பியிடம் சொன்னதில் அந்தப் 'போட்டா' இருக்கவில்லை. "நீளமாத்தான் போடுவினம். ஒண்டும் நடக்காது," என்றேன்.

மீனவர் கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தபோது அவன் எழுந்து, இதைச் செய்வது தன் அக்கா என்று சொல்லியிருக்கிறான். அவனை நம்பி மற்றவர்கள் அடங்கிப்போனார்கள்.

கொள்கலன் துறைமுகம் போய், கப்பலேறி, ஊர் சேர்ந்தது. பிள்ளைகள் குழாயடியில் கைநீட்டிக் குடிக்கும் காணொளியைத் தம்பியின் மனைவி அனுப்பினாள். பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். கை தட்டினார்கள்.

உப்புநீர்க் குழாயைப் போட்ட ஒப்பந்தக்காரர், இடுப்பளவு தண்ணீரிலேயே அதை நிறுத்தியிருந்தார். சில மாதங்களில் அடியிலிருந்த கடற்புல் கருகியது. பிறகு நண்டு இல்லை, இறாலும் இல்லை. கூடத் தொழில் செய்தவர்கள் தம்பியின் வாசலைப் பேசாமல் கடந்து போனார்கள். ஒரு விடியலில் அவனுடைய வலைகள் வெட்டுண்டு கிடந்தன.

பொறியாளரும் நானும் அங்குள்ள அதிகாரிகளுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினோம். கடைசியில் குழாயை நீட்டினார்கள். அதற்குள் அவன் படகை விற்றுவிட்டு, கடலே இல்லாத ஊரொன்றில் அரிசி ஆலை வேலைக்குக் குடும்பத்தோடு போயிருந்தான்.

அவன் என்னை ஏசவில்லை. கடைசியாகப் பேசியபோது ஒன்றுதான் சொன்னான். "உங்களைக் கேட்டுத்தானே அக்கா, நான் அவையளுக்குச் சொன்னனான்."

பிறகு அழைத்தால் அவன் மனைவிதான் எடுப்பாள். அவர் பேந்து, வேலை முடிஞ்சு எடுப்பாராம் என்பாள். போன ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் இருக்கிறானா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். ஒருமுறை போனைக் கொடுக்கச் சொன்னேன். யாரோ எழ, கதிரை நகரும் சத்தம் கேட்டது, பிறகு கதவு.

"வெளியில போயிட்டார், மச்சாள்," என்றாள்.

ஓம், சரி என்றேன்.