தேசிக்காய் வைக்காத கார்

புலம்பெயர்ந்து வந்த புரோசார்ட் நகரில் கம்பனிச் சான்றிதழோடு பழைய சொகுசுக் கார்கள் விற்ற தமிழர் அவர். மெலிந்த உடம்பு, தொளதொளத்த கோட். விற்கும் ஒவ்வொரு காரின் சில்லுகளுக்கு அடியிலும் தானே தேசிக்காய் வைத்துத்தான் அனுப்புவார்.

நானும் மனைவியும் பார்த்துவைத்த பச்சைக் காரை எடுக்கத் தனியாகப் போனேன். அவர் தேசிக்காய்களோடு வந்தார்.

“அக்கா வரேல்லையோ, அண்ணை?”

“போன கிழமை செத்துப்போனா.”

குனிந்தவர் நிமிர்ந்தார். “செத்தவீட்டுத் துடக்கோடை ஏன் வந்தனீங்கள்?”

“இண்டைக்கு எடுக்கிறனெண்டு உங்களுக்குச் சொன்னனான்.”

“கார் நிக்கும் அண்ணை. முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியட்டும். பேந்தும் வேணுமெண்டால் வாங்கோ.” தேசிக்காய்களை என் கையில் வைத்தார். “பிழிஞ்சு குடியுங்கோ. சாப்பிட்ட முகமாய்த் தெரியேல்லை.”

பஸ் வரும்வரை பனியில் என்னோடு நின்றார்.

வீட்டில் ஒன்றைப் பிழிந்து குடித்தேன். சீனி போட மறந்திருந்தேன். அவரை நினைத்தால் இப்போதும் நாக்கில் அந்தப் புளிப்பு வருகிறது.