பஞ்சாலையைப் பேச வைத்த ஆயா

மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மயிலம்மாள் பிள்ளைக் கொட்டகை ஆயா. பெற்றவர்கள் பால்மரம் சீவப் போனதும் எங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு எங்களுக்கு ஒரே விளையாட்டுத்தான், கேட்டில் நடக்கும் சோதனை. ஒருவன் போலீஸ், மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வேறு ஆயாவாக இருந்தால் முதுகுத்தோலை உரித்திருப்பார். இவரோ, "வெளையாடட்டும்லா. மனசுல கெடக்குற பயம் ஓடியாடுனாத்தான் போவும்," என்பார். அடுப்புக்கரியைக் கொடுத்துச் சிமெண்டுத் தரையில் கிறுக்கவும் விடுவார். படிக்காத மனுஷிக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

ராக்கம்மாவின் மகள் பஞ்சாலை மட்டும் விளையாட வரமாட்டாள். ஐந்து வயது. அவள் அப்பா காட்டுக்குள் போய்விட்டார் என்று லயமே குசுகுசுத்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. ஆறு மாதம் அவள் கையில் கரியை வைத்து வைத்துப் பார்த்தார் ஆயா. ஒருநாள் வரைந்தாள். ஒரு மரம், ஒரு வாளி, மரத்தடியில் குந்தியிருக்கும் ஓர் ஆள்.

"இது யாரு கண்ணு?"

"அப்பா. சோறு சாப்புடுது. அம்மா வாளியில கொண்டாந்துச்சி."

மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்க அம்மாவோடு போனபோது பார்த்திருக்கிறாள். கம்பிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் ஜெயில் என்பது பிள்ளைகள் எங்களுக்கே தெரியும். சந்தோஷத்தில் ஆயாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் போன தோட்ட ஆபீஸ் குமாஸ்தா, கிராணி சிவசிதம்பரத்தைக் கூவி அழைத்தார்.

"ஐயா, புள்ள பேசிருச்சு! சொல்லு கண்ணு, ஐயாகிட்ட இன்னொருக்கா சொல்லு!"

பஞ்சாலை சொன்னாள். கிராணி தரையிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். "நல்லது," என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை கேட்டில் ராக்கம்மாவின் வாளியைக் கவிழ்த்தார்கள். துணியில் சுற்றிய சோறு விழுந்தது. அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் என்ன ஆனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நுணலாவது தன் வாயால் தான்தான் கெடும். ஆயா அடுத்தவள் குடும்பத்தைக் கெடுத்துவிட்டார்.

பஞ்சாலையை அவரே வளர்த்தார். தன் ரேஷனில் பாதி அவளுக்கு. கரியையெல்லாம் அடுப்பில் போட்டார், எங்களை வெளியே விளையாட விடவில்லை. ராக்கம்மாவின் வீட்டைத் தாண்டும்போது முக்காடு போட்டுக்கொள்வார். வெட்கம் அவரை அப்படித் தின்றது.

இரண்டு வருஷம் கழித்து விடுதலையான ராக்கம்மா நேரே கொட்டகைக்கு வந்து ஆயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வாயில்லாப் புள்ளய பேச வெச்சிட்டீங்களேக்கா. எங்களக் காட்டிக்குடுத்த பாவி யாருன்னுதான் தெரியல. அவன் வெளங்குவானா?"

"வெளங்கவே மாட்டான்," என்றார் ஆயா. "மண்ணாப் போவான்."

பஞ்சாலை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். ஆயாவை நிமிர்ந்து பார்த்தாள்.