என் வீட்டுக்காரி தட்டிய 'இல்லை'

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் கட்டியதையெல்லாம் கொஞ்சம் கேளுங்கள்.

வில்லியனூரில் சித்தாளாகக் கலவை சுமந்தேன். அதே வில்லியனூரில் மாடிக் கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட்டேன். பாகூர் ஏரிக்குப் பின்னால் களிமண் பூமியில் அரிசி மில் கட்டப்போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. மில் நிற்கிறது, ஒரு விரிசல் கிடையாது. சிரித்தவர்கள் அங்கேதான் நெல் அரைக்கிறார்கள். சொந்தமாக சென்ட்ரிங் பலகை, சொந்தமாகக் கலவை மெஷின். நான் பெற்ற பெண்கள் இரண்டு பேரும் டீச்சர். எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலுக்கு முன்மண்டபம் யார் கட்டியது? அதுவும் நான்தான். பெருமையடிக்கிறான் என்று நினைப்பீர்கள். ஆமாம், அடிக்கத்தான் செய்கிறேன்... நான் அடிக்காமல் வேறு யார் அடிப்பது?

இத்தனையும் செய்தவனைப் போன வாரம் ஒரு செல்போன் ஆட்டிப் பார்த்துவிட்டது.

எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஆணும் பெண்ணும் ஊரே அதில்தான் இருக்கிறது. இந்த வருஷத் தலைவர் பிரபாகரன் — ஐ.டி. கம்பெனியில் வேலை, வீட்டில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கும் பிள்ளை. அவனுக்கு எதற்கெடுத்தாலும் 'டேட்டா' வேண்டும். ஆடிக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது, குரூப்பில் ஒரு கருத்துக் கணிப்பு போட்டான்.

'உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா? ஆம் — இல்லை — சொல்லத் தெரியவில்லை.'

"எதுக்குப்பா இது?" என்று போன் போட்டுக் கேட்டேன்.

"நம்ம ஊரு எவ்ளோ பக்தியான ஊருன்னு கணக்கா தெரிஞ்சிக்கலாம் பெரிப்பா. நூத்துக்கு நூறு வந்துச்சின்னா பேனர் அடிச்சி மெயின் ரோட்டுல வெச்சிடலாம். 'நூறு சதவீத பக்தி கிராமம்'னு. எந்த ஊர்லயும் கெடையாது."

எனக்குப் பிடித்துப்போயிற்று. ஊரில் முதல் ஆளாக 'ஆம்' தட்டியவன் நான். பின்னாலேயே எல்லோரும் தட்டினார்கள். சாராயக்கடை வாசலில் விழுந்து கிடக்கிற ஆள்கூட, கிடந்த இடத்திலிருந்தே 'ஆம்'. மாதா கோவிலுக்குப் போகிற ரோசி அக்காவும் 'ஆம்'. எந்தக் கடவுள் என்று கணிப்பு கேட்கவில்லையே!

சாயந்திரம் எடுத்துப் பார்த்தால், 'இல்லை'க்கு நேராக ஒரே ஒரு ஓட்டு.

எவன்டா அது என்று எனக்குக் கோபம். இந்தக் கணிப்பில் யார் எதைத் தட்டினார்கள் என்று பெயரோடு காட்டும். அழுத்திப் பார்த்தேன்.

அஞ்சலை.

என் வீட்டுக்காரி!

உங்களுக்கு என் அதிர்ச்சி புரிய வேண்டுமானால் அஞ்சலை யார் என்று தெரிய வேண்டும். கூழ் ஊற்றும் நாளில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏரிக்கரையிலிருந்து கூழ்ப் பானையைத் தலையில் வைத்து, வேப்பிலை கட்டி, வரிசையாகக் கோவிலுக்கு வருவார்கள். முதல் பானை அஞ்சலையுடையது. பெண்களே கூடி அவளிடம் ஒப்படைத்தது. அதற்காகக் கையில் மஞ்சள் காப்பு கட்டி, செருப்பு போடாமல், கவுச்சி தொடாமல் விரதம் இருப்பாள். அந்தக் காப்பு கட்டிய கையால்தான் 'இல்லை' என்று தட்டியிருக்கிறாள்.

வீட்டுக்குள் போனேன். கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சல, போன்ல இன்னா தட்டி வெச்சிருக்க?"

"இல்லன்னு."

"கைதவறிப் பட்டுச்சா?"

"கண்ணாடி போட்டுக்கினுதான் தட்டினன்."

"வெள்ளிக்கிழம தவறாம கோயிலுக்குப் போறவடி நீ!"

"போறியான்னு அவன் கேக்கலயே. கேட்டிருந்தா ஆமான்னு தட்டியிருப்பன். நம்பிக்க இருக்குதான்னு கேட்டான். இல்ல. கேட்டதுக்குத்தான பதில் சொல்ல முடியும்?"

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்திருக்கிறேன்... இது எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று?

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"செல்வி போனதுலேர்ந்து."

செல்வி அவளுடைய தங்கச்சி. உடம்புக்கு முடியாமல் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தங்கச்சி எழுந்து வீட்டுக்கு வந்தால் மொட்டை போடுகிறேன் என்று அஞ்சலை அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். டாக்டர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். செல்வி வரவில்லை. காரியம் முடிந்த கையோடு அஞ்சலை கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். 'கேட்டது கிடைக்கவில்லை, அப்படியும் முடி கொடுத்தாள் பாருங்கள், இதுதான் பக்தி' என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"நம்பிக்க இல்லன்னா அப்புறம் எதுக்குடி மொட்ட போட்ட?"

சல்லடையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தரேன்னு சொன்னன், தந்துட்டன். அம்மன் தரல. அது அவ பாடு. அவ செய்யலன்னு நானும் செய்யாம இருக்க முடியுமா?"

"பின்ன வாராவாரம் போயி எதுக்கு வெளக்கு ஏத்தற?"

"நான் போகலன்னா அவளுக்கு யாரு இருக்கா? பூசாரி காலைல ஒரு வாட்டி மணிய ஆட்டிட்டு கம்பெனிக்குப் போயிடறான். நாள் பூரா ஒண்டியா ஒக்காந்துக்கினு இருக்கா."

சொல்லிவிட்டு மறுபடி மாவைச் சலிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதை ஆம் என்று எடுப்பதா, இல்லை என்று எடுப்பதா? சொல்லத் தெரியவில்லை என்று எடுப்பதா? அவளுக்குத்தான் எல்லாம் சொல்லத் தெரிகிறதே! நான் 'ஆம்' என்று தட்டினேன். கோவிலுக்குள் போய் எத்தனை மாதம் ஆயிற்று என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிரபாகரன் பைக்கில் வந்து இறங்கினான்.

"பெரிம்மா, பேனர் டிசைன் ரெடியா இருக்குது. ஒன் ஓட்டு ஒண்ணுதான் இடிக்குது. தட்டினத மாத்திக்கலாம். ஒரே ஒரு தட்டு."

"பொய் சொல்லிட்டு பான தூக்கச் சொல்றியாடா?"

"நம்பிக்க இல்லாதவங்க மொத பான தூக்கினா ஊரு இன்னா பேசும்? நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் பாக்கறேன் பெரிம்மா. மாத்தலன்னா, ஆம் போட்டவங்கள்ல ஒருத்தர் தூக்கட்டும். கமிட்டில பேசியாச்சி."

பேசியதோடு விடவில்லை. வீட்டுக்குப் போனதும் அதையே குரூப்பிலும் போட்டுவிட்டான்.

அஞ்சலை காப்புக் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோறு போட்டேன், தொடவில்லை. அந்தப் பானை அவளுக்கு எவ்வளவு என்று அப்போதுதான் பார்த்தேன். இத்தனைக்கும் நம்பிக்கை இல்லாதவள்!

அவள் போன் சார்ஜரில் கிடந்தது. ஒரே ஒரு தட்டு... நானே தட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? பானை அவளிடமே இருக்கும், என் மானமும் இருக்கும். விரலை அருகில்கூடக் கொண்டுபோனேன். கிடைக்காத வரத்துக்கு முடியைக் கொடுத்துவிட்டு வந்தவளை நான் பொய்க்காரி ஆக்குவதா? போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். குரூப்பில் 'டிங் டிங்' என்று ஒரே சத்தம். எடுத்துப் பார்த்தேன். 'இல்லை' ஏறிக்கொண்டிருக்கிறது!

நேற்று 'ஆம்' தட்டியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக மாற்றுகிறார்கள். பானை தூக்குகிற பெண்கள் ஒருத்தர்கூடப் பாக்கியில்லை; பானை தூக்காத ரோசி அக்காவும் மாற்றிவிட்டாள். முதலில் மாற்றியது யார் தெரியுமா? பிரபாகரனைப் பெற்ற அம்மா லட்சுமி.

அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரில்தான். மகன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

"யம்மா, இன்னாமா பண்ணி வெச்சிருக்க? காலைலதான கோயிலுக்குப் போயிட்டு வந்த?"

"காலைல இருந்துச்சிடா. இப்ப இல்ல."

"அது எப்படிம்மா நடுவுல போவும்?"

"நீ கேட்ட, சொன்னன். நாளைக்கு வந்துச்சின்னா மாத்தித் தட்டறன். இப்ப சொல்லு, ஆம் போட்டவங்கள்ல எந்தப் பொம்பளடா மொத பான தூக்கப் போறா? நீ தூக்கறியா?"

தெருவே சிரித்தது. பிரபாகரன் செல்போனையே மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். நம்பிக்கை உள்ளவர்கள் என்று அவன் கணக்கில் மிச்சம் நின்றது முழுக்க ஆம்பிளைகள்... கூழ் குடிக்க மட்டும் தெரிந்தவர்கள்.

எனக்கு அதிர்ச்சி இன்னும் விடவில்லை. தளம் போட்டதும் ரசமட்டம் வைத்துப் பார்ப்போம். தளம் நேரா, சாய்வா என்று அது சொல்லிவிடும். அந்தத் தளத்தில் பாய் போட்டுப் படுக்கிறவனுக்குத் தூக்கம் வருமா என்று எந்த மட்டமாவது சொல்லுமா? டி.வி.யில், இன்டர்நெட்டில், நாட்டில் இத்தனை பேருக்குப் பக்தி இருக்கிறது, இத்தனை பேருக்கு இல்லை என்று கலர் கலராகக் கட்டம் போட்டுக் காட்டுகிறார்களே... அந்தக் கட்டங்களுக்குள் எத்தனை அஞ்சலைகள்? எத்தனை லட்சுமிகள்? என்னை மாதிரி முதல் ஆளாக 'ஆம்' தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர்?

அன்று சாயந்திரம் கெடு முடிவதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். கோவில் இருக்கிற திசையைப் பார்த்து, "தாயே, இது வாட்ஸ்அப்புக்குச் சொல்றது, ஒனக்கு இல்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னுடைய 'ஆம்'மை 'இல்லை' என்று மாற்றினேன். அஞ்சலையிடம் காட்டினேன். தட்டை எடுத்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பானை அஞ்சலை தலையில்தான் வந்தது. பின்னால் 'இல்லை' போட்ட பெண்கள் வேப்பிலைப் பானையோடு வரிசையாக. கோவில் வாசலில் இறக்கும்போது பிரபாகரன் ஓடிவந்து ஒரு கை பிடித்தான். "பாத்துடா, சூடு" என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பஞ்சாயத்து.

அந்தக் கருத்துக் கணிப்பை அவன் குரூப்பிலிருந்து அழித்துவிட்டான். யார் எதைத் தட்டினார்கள் என்று இனி யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. பெண்கள் எல்லாரும் சேர்ந்து அஞ்சலைக்காக நின்றார்கள் என்று பாகூர் வரைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும், நல்ல விஷயம்தான்.

ஆனால் ஆம்பிளைகளில் மாற்றிப் போட்ட ஒரே ஆள் நான். பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசுங்கள், சொல்லிவிட்டேன்!