வெள்ளத்தைக் காலாலை தள்ளின ஊர்

இண்டைக்கு எங்கட பொதுநோக்கு மண்டபத்திலை சனம் வெள்ளத்தைக் காலாலை தள்ளி விட்டது!

பகிடி இல்லை. ரெண்டு கண்ணாலையும் பாத்தனான். (என்ர காலும் அதுக்குள்ளை இருந்தது. அதையும் சொல்லுறன்.)

நாங்கள் இருக்கிறது கண்டாவளைப் பக்கம். குளத்துக் கதவைத் திறந்தால் எங்கட ஒழுங்கைக்குள்ளை மீன் ஓடும். மாரிக்கு மாரி பாயையும் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுற சனம் நாங்கள்.

அதாலை ஒரு புரொஜெக்ட் வந்திருக்கு. எங்கை கட்டிடம் கட்டலாம், எங்கை கட்டக்கூடாது எண்டு ஊர்ச்சனமே கூடி இருந்து பிளான் போட வேணுமாம். நல்ல விசயம்தான்.

ஒரு பெரிய பனர், ஆளுக்கொரு தொப்பி, கணக்கில்லாத போட்டோ. எல்லாம் முடிய, புரொஜெக்டிலை இருந்து வந்த தம்பி மண்டபத்து நிலத்திலை கோலமாவாலை எங்கட ஊரைக் கீறினார். ரோட்டு, வாய்க்கால், கோயில், சுடலை, ஆக்களின்ர வீடு வளவுகள். மெய்யாவே வடிவாக் கீறினவர்.

பிறகு வாய்க்கால் கரை வளவுகளுக்கு மேலை சிவப்புப் பொடியைக் கொஞ்சம் தூவிப் போட்டுச் சொல்லுறார்:

"வெள்ளம் வாற மிச்ச இடத்துக்கும் நீங்களே சிவப்புப் போடுங்கோ. பிழையா இருந்தால் திருத்துங்கோ. சிவப்புக்குள்ளை இனி ஒரு கட்டிடத்துக்கும் அனுமதி கிடையாது."

கடைசி வசனத்தை விழுங்கியிருக்கலாம், தம்பி!

அந்த நிமிசத்தோடை எங்கட ஊரிலை வெள்ளம் நிண்டு போச்சு.

பக்கத்திலை இருந்த பவானி அக்கா முதல் ஆளா வாய் திறந்தா. "எங்கட வளவுக்கை ஒருநாளும் தண்ணி வாறேல்லை."

"அக்கா, போன மாரி உங்கட ஃப்ரிட்ஜ் மிதந்து போய்க் கோயில் வாசலிலை நிண்டதெல்லே?"

"அது பழைய ஃப்ரிட்ஜ், பிள்ளை."

(இதுக்கு மேலை என்னத்தைக் கேக்கிறது!)

மூத்த மகளுக்குச் சீதனமா எழுதப்போற வளவு அது. சிவப்பு விழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் வருவினமே? தம்பி போட்டோ எடுக்கத் திரும்பினதுதான் தாமதம், அக்கா கால் பெருவிரலாலை சிவப்பை அடுத்த வளவுக்குத் தள்ளினா. அடுத்த வளவுக்காரர் அங்காலை தள்ளினார். அவருக்கு அங்காலை இருந்தவர் இன்னும் அங்காலை.

கடைசியிலை சிவப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்தது சுடலையிலை.

செத்தவை வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பம் போடமாட்டினம்தானே!

ஓம், நானும் தள்ளினனான். இந்த முறைதான் வீட்டுத்திட்ட லிஸ்டிலை எங்கட பேர் வந்திருக்கு. எத்தனை வருசமாத் தகரக் கொட்டிலுக்கை வேகிறது? வெக்கமாத்தான் இருக்கு. ஆனால் தள்ளினனான்.

அடுத்தது புது முன்பள்ளிக்கு இடம் பாக்கிற வேலை.

குணம் அண்ணை எழும்பினார். எங்கட வளவுக்கு அடுத்த காணி அவரின்ர.

"அந்தக் காணியை நான் சும்மா தாறன். முன்னுக்கு அப்பாவின்ர பேரைப் போட்டாக் காணும்."

சனம் கை தட்டுது! மூண்டு தரம் கத்தரி நட்டு மூண்டு தரமும் வேரோடை அழுகிப்போன காணி அது. கத்தரி நிக்காத இடத்திலை பிள்ளையளை இருத்தப் போகினமாம்.

தம்பி நிலத்திலை பாத்தார். அந்தக் காணியிலை சிவப்பின்ர சாயலே இல்லை. "சூப்பர்! பாதுகாப்பான இடம்" எண்டு அதிலை ஒரு பச்சை இலையை வைச்சார்.

என்ர மகளுக்கு மூண்டு வயசு. அந்தப் பள்ளிக்கூடம் திறந்தால் முதல் நாளே போய் இருக்கப் போறவள் அவள்தான்.

எழும்பிப் போய்த் தம்பியின்ர கையிலை இருந்த பொடிப் பையை வாங்கி, மிச்சப் பொடி அவ்வளவையும் என்ர வளவுக்கு மேலை கவிட்டன்.

பின்னாலை இருந்து என்ர மனுசன் கத்துறார். "இஞ்சை, விசரே உனக்கு? பேரை வெட்டப் போறாங்களப்பா!"

தம்பிக்கு ஒண்டும் விளங்கேல்லை. "அக்கா, உங்கட வளவுக்கு மட்டுமோ வெள்ளம் வாறது?"

"ஓம் தம்பி. எனக்கும் குணம் அண்ணைக்கும் நடுவிலை முள்ளுக்கம்பி வேலி. தண்ணி அதிலை வந்து நிண்டு, அங்காலை வரலாமோ எண்டு அவரிட்டைக் கேக்கும்."

எல்லாரும் சிரிச்சினம். குணம் அண்ணை சிரிக்கேல்லை.

"தங்கச்சி, சும்மா தர வந்தவனை அவமானப்படுத்தாதையும். என்ர காணிக்குத் தண்ணி வாறேல்லை."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிட்டுது. "அண்ணை, போன மாரி என்ர பிள்ளையைத் தோளிலை வைச்சு அந்தக் காணிக்குள்ளாலை ரோட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தது ஆர்?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்குத் தண்ணி எவ்வளவு நிண்டது?"

குணம் அண்ணை நிலத்திலை இருந்த பச்சை இலையைப் பாத்தார். பிறகு கையை எடுத்துத் தன்ர நெஞ்சிலை வைச்சுக் காட்டினார்.

என்ர மகள் அவரின்ர இடுப்புக்கும் வரமாட்டாள்.

அவரே குனிஞ்சு அந்த இலையை எடுத்துப்போட்டு, என்ர வளவிலை கிடந்த சிவப்பிலை ஒரு பிடி அள்ளித் தன்ர காணியிலை போட்டார். முன்பள்ளிக்கு ரோட்டோரம் மேட்டுக்காணி பாக்கினமாம். குணம் அண்ணை, உங்களுக்குக் கோடி நன்றி. (அப்பாவின்ர பேரை அங்கையும் போடச் சொல்லி நானே கேப்பன்.)

மற்ற ஆக்களோ? ஒருத்தரும் தங்கட சிவப்பைச் சுடலையிலை இருந்து திருப்பி எடுக்கேல்லை! ஊர் முழுக்கக் காய்ஞ்சு கிடக்க, எங்கட ரெண்டு வளவிலை மட்டும் வெள்ளம். அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து, "அருமையான பங்களிப்பு" எண்டு பாராட்டிப் போட்டுப் புரொஜெக்ட் ஆக்கள் போயிட்டினம்.

மனுசன் இன்னும் என்னோடை கதைக்கேல்லை. சொந்தக்காரர் ஃபோன் எடுத்துத் திட்டினம். நல்லாத் திட்டுங்கோ, கமெண்டிலையும் வந்து திட்டுங்கோ.

வரமுன்னம் ஒண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ: வாற மாரிக்குக் குணம் அண்ணை ஊரிலை இல்லாட்டி, உங்கட பிள்ளையை ஆர் தூக்குறது?