வேலியைப் படம் பிடித்தவன்

துடியலூருக்குச் சற்று வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து, இருபுறமும் வேலி அடைத்த ஓர் இட்டேரி பிரிகிற இடத்தில் நாங்கள் குடியிருந்தோம். ஓட்டு வீடு. வீட்டுக்காரர் டவுனில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில், ஒரு கிணறு உண்டு. அதன் தண்ணீர் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும், வாயில் வைக்க ஆகாது, அதில் பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீரை என் மனைவி பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் சேந்திக்கொண்டு வருவாள். தோட்டத்துக்கும் எங்கள் பொடக்காளிக்கும் நடுவில் கிளுவை வேலி. அதில் ஓர் ஆள் குடத்தோடு நுழைகிற அளவுக்கு ஒரு கடவு. அந்தக் கடவு இல்லாவிட்டால் வெகுதூரம் நடந்து சாலையோரத்துப் பொதுக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். அவளுக்கு அப்போதே முழங்கால் வலி வந்துவிட்டது.

நான் எழுதப்போவது ஒரு தேன்சிட்டைப் படம் பிடித்த கதை. ஆனாலும் அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியே இருந்தது. அதனால் அதை முதலில் சொன்னேன்.

நான் ஒரு நூற்பாலையில், சரக்கறையில் எழுத்து வேலை பார்த்தேன். ஆலையின் வெள்ளைக்கார இஞ்சினியர் ஊர் திரும்பியபோது தன் சாமான்களை ஆளுக்கொன்றாக விற்றார். எனக்குக் கிடைத்தது ஒரு பெட்டிக் காமிரா. உண்மையிலேயே பெட்டிதான். கறுப்புத் தோல் ஒட்டிய அட்டைப் பெட்டி. முன்னால் ஒரு கண்ணாடிக் கண், பக்கத்தில் ஒரு சிறு நெம்பு. நெம்பை இழுத்தால் படம். ஒரு சுருளில் எட்டுப் படம் எடுக்கலாம். நல்ல வெயில் வேண்டும், பெட்டி அசையக்கூடாது. இவ்வளவுதான் அதன் சாஸ்திரம்.

மாசி மாதத்தில் கிளுவை இலை உதிர்த்து நிற்கும். அந்த மொட்டைக் குச்சிகளில், எங்கள் பக்கம் நீண்டிருந்த ஒன்றில், கடவுக்கு மூன்று முழம் தள்ளி, தேன்சிட்டு கூடு கட்டியது. பார்த்தால் காற்றில் வந்து சிக்கிய குப்பை மாதிரிதான் இருக்கும். சருகு, மரப்பட்டைத் துணுக்கு, சிலந்தி நூல், இவற்றோடு என் சட்டையில் ஒட்டி வந்து உதிர்ந்த பஞ்சும் இருந்தது. பெட்டைதான் கட்டியது. ஆண் ஒரு வேலையும் செய்யாமல் மேல்குச்சியில் உட்கார்ந்து சத்தம் போட்டது. தூரத்திலிருந்து கரிக்கட்டை. வெயில் பட்டால் கழுத்திலிருந்து வால்வரை நீலமும் ஊதாவும் மாறி மாறி மின்னும். குஞ்சு பொரித்த பிறகு ஆணும் இரை கொண்டுவந்தது. கூட்டு வாயைப் பற்றிக்கொண்டு ஒரு கணம் தொங்கும். அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது.

ஆள் பக்கத்தில் நின்றால் அது வராது. ஆகையால் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, கண்ணை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் சாக்கால் மூடினேன். நெம்பில் நூலைக் கட்டி, அதைச் சமையலறை சன்னல் வழியாக உள்ளே கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலுக்குப் பின்னால் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, யாருமில்லாத பொடக்காளியில் சாக்குப் போர்த்திய ஒரு பெட்டி ஒற்றைக் கண்ணோடு வேலியை முறைத்துக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். எனக்கு இது அப்போது தோன்றவில்லை.

தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தலையில் உருமால், கையில் அரிவாள். சன்னலைப் பார்த்தே பேசினார். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“ஏனுங்க ரைட்டரே, அதென்ன பொட்டீங்க?”

“காமிராங்க. படம் புடிக்கறது.”

“எதைங்க?”

“இந்தத் தேன்சிட்டுங்க. அந்தக் குச்சியிலதான் கூடு தொங்குது, பாருங்க.”

அவர் கூட்டைப் பார்க்கவில்லை. பெட்டியையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். “இத்துனூண்டு குருவிக்கு ஆராச்சும் காசப் போட்டுப் படம் புடிப்பாங்களாங்க?” என்றார். பிறகு, “பொட்டி உங்க ஊட்டுக்காரரு வாங்கிக் குடுத்ததுங்களா?” என்றார்.

இல்லை என்றேன். சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் ஒருவர் ‘சரிங்க’ என்பதில் எத்தனை வகை உண்டென்று எனக்குத் தெரியும். இது நம்பாத வகை.

மறுநாள் காலை கடவில் வேலமுள் அடைத்திருந்தது. ஏனோதானோ என்று போட்ட முள் அல்ல; அடியில் கல் வைத்து, கொடியால் வரிந்து கட்டியிருந்தது. என் மனைவி காலிக் குடத்தோடு நின்று கூப்பிட்டாள். தோட்டத்துக்காரரின் மனைவி வந்தார்.

“நா என்னத்தச் சொல்லறது அம்மணி. கேட்டா வாயே தொறக்கமாட்டீங்கறாரு. உங்கூட்டு ரைட்டரு ஏதோ பொட்டி வெச்சு வேவு பாக்கறாராமா?”

“குருவி பாக்கறாருங்க அக்கா.”

“அதத்தான் நானுஞ் சொன்னேன். குருவி பாக்க ஒரு மனுசன் ஒளிஞ்சா உக்காருவான்ங்கறாரு.”

குடம் அன்று பொதுக் கிணற்றுக்குப் போனது. திரும்பி வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

காரணம் அவள்தான் கிணற்றடியில் கேட்டு வந்து சொன்னாள். வீட்டுக்காரருக்கும் தோட்டத்துக்காரருக்கும் இந்த வேலியை வைத்தே முன்சீப் கோர்ட்டில் வழக்கு. வேலி இரண்டு முழம் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று வீட்டுக்காரர். வேலி எப்போதும் இங்கேதான் நிற்கிறது என்று தோட்டத்துக்காரர். வீட்டை வாடகைக்கு விட்டபோது வீட்டுக்காரர் இதை என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து யோசிக்கத் தொடங்கினேன். வேறு குடிகள் வந்து கேட்டும், எழுத்து வேலைக்காரன்தான் வேண்டும் என்று எனக்குக் கொடுத்தார் அல்லவா?

சந்தேகம் ஒரு பக்கமாக நிற்காது. மறு ஞாயிறு நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் குருவியை விட்டுவிட்டு வேலியைப் பார்க்க ஆரம்பித்தேன். கடவின் இடப்பக்கம் கிளுவைகள் முழங்கை தடிமன். வலப்பக்கம் கொஞ்ச தூரத்துக்கு விரல் தடிமன்தான். இளங்கிளுவை. பட்டுப்போன இடத்தில் கிளையை வெட்டிப் புதுப்போத்தாக நட்டிருக்கலாம். வேலியையே நகர்த்தியும் நட்டிருக்கலாம். தோட்டத்துக்காரர் பயப்படுவதற்கு ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? ஆண்குருவி இரண்டு தடவை வந்துபோனதைத் தவறவிட்டேன்.

சுருள் முடிந்ததும் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். படங்கள் வந்தன. ஏழில் கை நூலை வெடுக்கென்று இழுத்து எல்லாமே ஆடிப்போயிருந்தது. ஒன்றுதான் சுத்தமாக விழுந்திருந்தது. அதில் குருவி இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் கூடு இருக்கிற இடத்தில் ஒரு கறை, அதன்மேல் எள்ளளவு இன்னொரு கறை. ஆனால் வேலி! ஒவ்வொரு கணுவும் தெரிந்தது. தடித்த கிளுவை எங்கே முடிகிறது, இளங்கிளுவை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டியது போல இருந்தது. ஒரு சர்வேயர் எடுத்திருந்தாலும் இவ்வளவு துலக்கமாக வந்திருக்காது.

படம் என் கைக்கு வந்த இரண்டாம் நாள் வீட்டுக்காரர் வந்தார். வாடகைக்கான நாள் இல்லை. நாற்காலியில் உட்காராமல் நேரே பொடக்காளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“நம்ம வேலியை அழகாப் படம் புடிச்சிருக்கறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க.”

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. ஸ்டூடியோக்காரராகத்தான் இருக்க வேண்டும். படத்தை எடுத்துக் காட்டினேன். மறைத்தால் இன்னும் வம்பு. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“குருவியைத்தாங்க எடுத்தேன்,” என்றேன்.

“குருவி எங்கீங்க?”

பென்சில் நுனியால் காட்டினேன். சிரித்தார். “நீங்க பெரிய ஆளுங்க. ரைட்டருன்னா ரைட்டருதான்.” நான் வேண்டுமென்றே அவருக்காக எடுத்து, நாசூக்காகக் குருவி என்று சொல்கிறேன் என்பது அவர் எண்ணம். படத்தையும் பிலிமையும் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் ஒரு வார்த்தையும் சொன்னால், இந்தக் கிணற்றை இன்னும் இரண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டித் தருவதாகச் சொன்னார். “அப்புறம் அந்தாளு தண்ணிக்கு நீங்க ஏனுங்க நிக்கோணும்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“உப்புக் கெணத்த ஆழமா வெட்டுனா நல்ல தண்ணி வந்துருமாங்க?”

“வந்தாலும் வரும்.”

“இத்தன வருசம் வெட்டாதவரு இப்ப எதுக்கு வெட்டறாரு? நாளைக்கு வழக்கு செயிச்சுப்போட்டா நம்மளையும் காலி பண்ணச் சொல்லிப்போட்டு, வெட்டுன கெணத்தோட அதிக வாடகைக்கு உடுவாரு.”

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவள் சொன்ன பிறகு அது உறுதியாகத் தெரிந்தது. வேலி யாருடையது என்று எனக்குத் தெரியாது. இளங்கிளுவையைப் பார்த்தேன், அவ்வளவுதான். அது ஏன் இளசு என்பதற்கு நான் சாட்சி இல்லை. தெரியாத ஒன்றுக்குப் படத்தைக் காட்டிச் சாட்சி சொல்ல மனம் ஒப்பவில்லை.

அன்று சாயங்காலமே படத்தையும் பிலிமையும் எடுத்துக்கொண்டு, இட்டேரி சுற்றித் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துக்காரர் என்னை உட்காரச் சொன்னார், மரியாதையில் குறைவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் இறுகியது.

“குருவி எங்கீங்க?”

அதே கேள்வி. பென்சில்கூடக் கொண்டுபோகவில்லை, சுண்டுவிரலால் காட்டினேன்.

“இது குருவீங்களா? இது ஈ.”

“பெட்டி சின்னதுங்க. தூரத்துல வெச்சதுனால அப்படி விழுந்துபோச்சு. இதா, இது பிலிமு. இது இருந்தாத்தான் இன்னொரு படம் போட முடியும். நீங்களே வெச்சுக்குங்க.”

அவர் அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் தலைகீழ் நிறமாக, வேலி வெள்ளையாக இருப்பதைக் கண்டு அவர் சந்தேகம் ஒன்றுக்கு இரண்டானது. மனைவி சோறு ஆக்கிக்கொண்டிருந்த அடுப்பில் படத்தைப் போட்டார்; அது சாதாரணமாகக் கருகியது. பிறகு பிலிமைப் போட்டார். அது போட்ட மாத்திரத்தில் ‘புஸ்’ என்று சோற்றுப்பானை உயரத்துக்குப் பற்றி எழுந்தது. அவர் இரண்டடி பின்னால் துள்ளினார். அந்த அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“இதுக்குள்ள என்னத்தைங்க வெச்சிருந்தீங்க?”

“அதோட குணமே அப்படித்தானுங்க.”

“இன்னொண்ணு இருக்குதுங்களா?”

“என்கிட்ட இல்லீங்க.”

‘என்கிட்ட’ என்று சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. ஸ்டூடியோக்காரர் இன்னொரு படம் போட்டு வைத்திருந்தாரா என்று எனக்கே தெரியாதபோது வேறு எப்படிச் சொல்வது? கடவு அடைத்தபடியே இருக்கப்போகிறது என்று தோன்றியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. “நீங்களே ஒரு வேட்டியக் கொண்டாந்து, கூட்டுக்குப் பின்னால, வேலிய மூடிக் கட்டிப்போடுங்க. வேலியே தெரியாது. குருவி மட்டுந்தான் தெரியும். என்கூட சன்னலுக்குப் பின்னால உக்காந்து நீங்களே பாருங்க.”

“நான் எதுக்குங்க உக்காரோணும்?”

“நீங்க நம்பறதுக்குத்தானுங்க.”

அம்மாள் அடுப்படியிலிருந்து, “உக்காந்துதான் பாருங்களே, குருவி உங்களையும் நம்புதான்னு பாக்கலாம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வெள்ளை வேட்டியை முன்தினமே கட்டிவிட்டார். அதுவும் ஒன்றல்ல, இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒற்றைத் துணி வழியாக வேலி தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம். குருவிகள் அரைநாள் முறைத்துவிட்டுப் பிறகு பழகிக்கொண்டன. நான் இந்தத் தடவை பெட்டியைக் கூட்டிலிருந்து ஒன்றேகால் முழத்தில் வைத்தேன். அவ்வளவு கிட்டே வைத்தால் படம் மங்கிப்போகும். அதற்காக என் பழைய படிக்கிற கண்ணாடியின் ஒரு சில்லைப் பெட்டியின் கண்ணுக்கு முன்னால் மெழுகு வைத்து ஒட்டினேன். அது என்ன, எதற்கு என்று கேட்டு, தன் கண்ணிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டவிட்டார்.

இருவரும் சமையலறை சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். நூல் நுனி அவர் கையில். அப்படித்தான் வேண்டும் என்றார். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அவர் கடவை அடைத்ததால் பொதுக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் விட்ட மோர் என்று அவருக்குத் தெரியும்.

பெட்டை வந்தது. “இப்பங்களா?” “வேண்டாங்க, ஆண் வரட்டும்.” வெகுநேரம் கழித்து ஆண் வந்து கூட்டு வாயில் தொங்கியது. வெள்ளைத் துணிக்கு முன்னால் மை தொட்டு எழுதியது போல இருந்தது. வளைந்த மூக்கில் ஒரு சிறு புழு. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். “இப்ப,” என்றேன். அரிவாள் பிடிக்கிற கை நூலை அவ்வளவு மெதுவாக இழுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எட்டுப் படத்தையும் அவரே இழுத்தார்.

சுருளைக் கழுவ வேறு ஸ்டூடியோ தேடினேன். படம் கழுவி முடிகிறவரை அங்கேயே நின்று, பிலிமையும் கையோடு வாங்கி வந்தேன். எட்டில் ஒன்று நான் ஆசைப்பட்டபடியே விழுந்திருந்தது. வீட்டுக்காரர் மறுபடி வந்தபோது அதைத்தான் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “பழையது?” என்றார். எரிந்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. கிணறு வெட்டும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

தோட்டத்துக்காரருக்கும் ஒரு படம் கொண்டுபோனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மனைவியைக் கூப்பிட்டு, “நான் புடிச்சது,” என்று காட்டினார். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். படத்தின் ஓரம் ஓரமாக விரலை ஓட்டினார்.

“வேட்டிக்குப் பின்னால வேலி இருக்குதுங்களே.”

“அது படத்துல தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியுதுங்களே,” என்றார்.

மறுநாள் கடவில் முள் இல்லை. அதற்குப் பதில் மூங்கில் படல் ஒன்று நின்றது. கயிற்று முடிச்சு அவர் பக்கம் இருந்தது. என் மனைவி காலையில் குடத்தோடு போய்க் கூப்பிடுவாள். யாராவது வந்து முடிச்சை அவிழ்ப்பார்கள். தண்ணீர் சேந்தி முடிகிறவரை நின்றிருந்து, அவள் இந்தப் பக்கம் வந்ததும் மறுபடி கட்டிவிடுவார்கள். அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரை அது அப்படியேதான் நடந்தது. முழங்காலுக்கு அது போதும் என்றாள் அவள்.