அத்தா துடைத்த இலை

அறுபதுகளின் தொடக்கத்தில் அத்தா பினாங்குக் கடை வேலைக்குக் கப்பல் ஏறியபோது, கடலூர் முதுநகர் வீட்டில் ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆளுக்கொரு என்றால் அம்மாவுக்கும் எனக்கும்தான். என் பங்குக்கு வந்தது ஜன்னலோரம் பிஸ்கட் டின்னில் நின்ற குரோட்டன்ஸ் செடி. சிதம்பரத்து மாமா கொடுத்த கொம்பு அது. அத்தாதான் நட்டு, வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்புமுன் ஒவ்வோர் இலையாக ஈரத்துணியால் துடைத்து வளர்த்தார்.

“நான் வர்றப்ப இது இப்புடியே இருக்கணும், என்ன?” என்றார். நானும் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன்.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடி இலை பழுத்து விழுந்தது. இலை குறைந்தால் அத்தா வராமலே இருந்துவிடுவார் என்று யாரும் சொல்லாமலே நானாக முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கு அத்தா வேண்டும். அம்மா பூக்கட்ட நனைத்து வைத்திருந்த வாழைநாரை எடுத்து, விழுந்த இலையைத் தண்டோடு வைத்துக் கட்டினேன். அடுத்ததும் விழுந்தது, அதையும் கட்டினேன். மல்லிகைச் சரம் கட்டத் தெரிந்த கைக்கு இது ஒரு வேலையா? தண்ணீரையும் செம்பு செம்பாக ஊற்றினேன். கட்டிய இலைகள் சுருண்டு தொங்கின. அம்மா பார்த்தாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மாவின் தம்பியான சிதம்பரத்து மாமா ஒருநாள் ரயிலில் வந்தார். என் கைவேலையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“செடிக்கு ஒண்ணுமில்ல புள்ள. மேல துளிர் வர வர அடி இலை பழுத்து விழும், அவ்ளோதான். தண்ணிய ஜாஸ்தி ஊத்தாத.”

நார்களையெல்லாம் அவிழ்த்தார். உச்சியில் புதுத் துளிர்கள் நின்றன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவோரம் நின்ற அம்மா கேட்டாள். “அவுங்க இருந்தப்ப இருந்த இலை இதுல எது தம்பி?”

மாமா சிரிப்பை நிறுத்திக் குனிந்து பார்த்தார். “அடியில இருக்கே, இது ஒண்ணுதான் இருக்கும்க்கா.”

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் ஈரத்துணியோடு வந்தாள். அந்த ஓர் இலையை மட்டும் துடைத்துவிட்டுப் போவாள். அம்மாவுக்கு வேலையில் அக்கறை போதாது என்று எண்ணி மீதியை நான் துடைத்தேன்.

பெருநாளுக்கும் வர முடியாது என்று அத்தாவிடமிருந்து தகவல் வந்தது. அடுத்த சில நாட்களில் அந்த இலையும் விழுந்தது. அம்மா அதைக் குப்பையில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்தபடி ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள், கண் நிறைந்திருந்தது. நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“அடி இலைதானம்மா, விழத்தான் செய்யும். மேல பாரு, எவ்ளோ துளிர்.”

“ஆமாண்டி கண்ணு, நல்லா வளருது,” என்றாள், செடியைப் பார்க்காமலே.

ஆறுதல் சொல்லிவிட்ட பெருமையோடு நான் விளையாடப் போனேன். செடி இவ்வளவு நன்றாக இருக்கும்போது அம்மா எதற்கு அழுகிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.